மச்சினன் இழுத்த சங்கிலி

சுற்றுலா ரயிலில் சங்கிலி இழுப்பது புதிதில்லை. தொப்பி பறந்தால் இழுப்பார்கள், அருவியைக் கண்டால் இழுப்பார்கள். வண்டி கிறீச்சிட்டு நிற்கும். பிறகு பாதை மேஸ்திரி குனிந்து குனிந்து தண்டவாளத்தைப் பார்த்து, எஞ்சினுக்கு முன்னால் போய் நின்று பச்சைக்கொடி காட்டினால்தான் நகரும். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் பார்ப்பார். ஆனால் ஒரு ஆணியைக்கூட விடமாட்டார்.

இன்று இழுத்தது அவருடைய மச்சினன். அவன் அக்காவுக்கு, அதாவது மேஸ்திரியின் மனைவிக்கு, திடீரென்று நெஞ்சுவலி. காலையில் மேஸ்திரி வேலைக்குக் கிளம்பும்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள். மண்சரிவில் சாலை மூடிக் கிடக்கிறது. கீழே ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலை விட்டால் வேறு வழியில்லை. வளைவில் மாமா வேலை செய்வதைப் பார்த்ததும் பையனுக்குக் கை தானாகச் சங்கிலிக்குப் போய்விட்டது.

"அக்காவுக்கு ரொம்ப முடியல மாமா. நீங்களும் ஏறிடுங்க. உங்களப் பாத்ததும் இழுத்துட்டேன்."

"அறிவிருக்காடா உனக்கு? இறக்கத்துல, அதுவும் வளைவுல..." மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை. எஞ்சினைப் பார்த்து ஓடினார்.

குனிந்து அடியில் பார்த்தார். இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை பிளந்திருந்தது. முன்சக்கரம் அதன் மேலேயே நின்றது. பக்கத்தில் பாதாளம். ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ஆட்களும் பட்டையும் வந்துசேர மதியமாகிவிடுமாம். அந்த வண்டியிலேயே அவளைக் கீழே அனுப்பலாம், அதுவரை அவள் தாங்கினால்.

டிரைவர் இறங்கி வந்து காதருகே சொன்னார்: "நீங்க சரின்னா மெதுவா உருட்டிப் பாத்துடலாம்ணே. உள்ள இருக்கிறது நம்ம அண்ணி."

மேஸ்திரி பெட்டிகளைப் பார்த்தார். ஜன்னலுக்கு ஜன்னல் குழந்தைகள் கையாட்டின.

"வேணாம். அசைக்காதீங்க."

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

கடைசிப் பெட்டியில் மனைவி தம்பி தோளில் சாய்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. சிவப்புக்கொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஜன்னலருகே போனார்.

"என்னங்க, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. எல்லாம் நல்லாயிருக்கு. இப்ப கிளம்பிடும்."

அவள் சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தாள். "கிளம்புறதா இருந்தா நீங்க எஞ்சினுக்கு முன்னாலதானே நிக்கணும்?"

மேஸ்திரி கொடியைக் கீழே போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.