இடம் உண்டா என்று கேட்க வந்தவர்

அரசு கட்டியிருக்கும் அந்தப் புதுக் குடியிருப்பை வேலைக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து தினமும் பார்ப்பேன். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னலுக்கு இன்னும் திரை போடவில்லை. அதை எனக்கென்று நானே ஒதுக்கிக்கொண்டேன். திரை பச்சையா நீலமா என்று முடிவாகவில்லை. கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் கால் நீட்டி உட்கார வேண்டும். அதற்கு ஏங்கி ஏங்கியே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கணவர் இறந்த பிறகு நானும் மகளும் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறோம். அண்ணி கெட்டவள் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. குழாயைத் திறந்தால் "தண்ணி என்ன ஆறா ஓடுது?" என்பாள். விளக்கைப் போட்டால் "கரண்ட் பில் யார் கட்டறது?" என்பாள். ஓட்டல் சலவை அறையில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு வந்தால் இந்தக் கச்சேரி.

வீட்டு உதவிக்குப் பணம் மத்திய அரசுடையது. யாருக்குத் தகுதி என்று பார்ப்பது உள்ளூர் வீட்டு வசதி அலுவலகம். அங்கே மனு கொடுத்திருந்தேன். என் சம்பளம் அவர்கள் வரம்புக்குள் அடங்கியது. அதிலென்ன அதிசயம், என் சம்பளம் எந்த வரம்புக்குள்ளும் அடங்கும். மிச்சமிருந்தது ஒன்றுதான். நிரந்தரமாகத் தங்க இடமில்லாதவர்களுக்குத்தான் வீடு. உறவினரோடு இருந்தால், இனி வைத்துக்கொள்ள முடியாது என்று அந்த வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். விசாரிக்க ஆள் வருவார்.

அண்ணியிடம் இதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எங்களை வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணி என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? சொல்லிக்கொடுக்க அவசியமே இருக்காது என்றும் நினைத்தேன். தினமும் சொல்வதில் பாதியைச் சொன்னாலே போதுமே.

வந்தவர் மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கூடத்து மூலையில் அடுக்கியிருந்த எங்கள் பைகளைப் பார்த்தார்.

"இவங்க இங்க எவ்வளவு நாள் இருக்கலாம்மா?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி நிமிர்ந்தாள். வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்து இப்படிக் கேட்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"என்ன சார் கேள்வி இது? என் நாத்தனார் சார். இது அவ வீடு. எங்க உயிர் இருக்கிற வரைக்கும் இருக்கலாம். நடுத்தெருவுலயா விட்டுடுவோம்?"

இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். பாவி, அதைச் சொல்ல இன்றைக்குத்தானா நாள் பார்த்தாள்.

வந்தவர் பேனாவை மூடினார். "அப்போ இவங்களுக்குத் தகுதி வராதும்மா. நிரந்தரமா இடம் இருக்கே." வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"என்னடி சொல்லிட்டுப் போறார்?" என்றாள் அண்ணி.

சொன்னேன். வீடு போச்சு அண்ணி என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"அடிப்பாவி, முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

எங்கள் பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் ஒரு பையை எறிந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நில்லுங்க. நல்லா எழுதிக்கங்க. இனிமே இவங்களை வச்சுக்க முடியாது. என் வீட்டுல எனக்கே கால் வைக்க இடமில்ல. நானும் என் புருஷனும் மனசு விட்டு நாலு வார்த்தை பேசி எவ்வளவு காலமாச்சு தெரியுமா? பேசினா இவளுக்குக் கேட்கும். ராத்திரி தண்ணி குடிக்கப் போனா இவ பொண்ணு காலை மிதிச்சிடுவேனோன்னு தாகத்தோடயே படுத்துக்கறேன். எப்போ போவாங்க, எப்போ போவாங்கன்னு..."

குரல் உடைந்து நின்றுவிட்டாள்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கண்ணால பார்த்ததை எழுதித்தானே ஆகணும்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

நடிப்பு என்று எனக்குத் தெரியும். எனக்காகத்தான் செய்தாள். ஆனால் ஒரு வார்த்தைக்குக்கூட அவள் யோசித்து நிற்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "உள்ள வா" என்றாள். வீடு கிடைத்துவிடும். நான் பையை எடுத்துக்கொண்டு, உள்ளே போகலாமா என்று தெரியாமல் படியிலேயே நின்றேன்.