துண்டின் நுனி

“இதுலயே மட்டமா ஒண்ணு எடுத்துப் போடுப்பா. பொட்டியில வெச்சு மூடப்போறவளுக்குப் பட்டா எடுப்பாங்க?” என்றார் கந்தவேல்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் கரையே இல்லாத ஒரு பூனம் சேலையைப் பையில் போட்டார். செத்தது கந்தவேலின் தங்கை அங்காளம்மாள். வேதக்காரனைக் கட்டிக்கொண்டு ஏசு வேதத்துக்கும் போய்விட்டவள். ஆனாலும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை விழாமல் பிணத்தை எடுப்பதில்லை என்பதை மட்டும் அந்த வீட்டிலும் விடவில்லை. இருபத்தேழு வருஷம் அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர், ஊர் வாய்க்குப் பயந்துதான் கிளம்பியிருந்தார். நாலு மணிக்குப் பெட்டியை மூடுவார்களாம். சேலையைக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுவது என்று முடிவு.

அவள் வீடு எங்கே என்றுகூட அவருக்குத் தெரியாது. கூட்டிப்போக அவள் மகள் பிரபா வந்திருந்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் பேச்சுக்குக் குறைச்சலில்லை.

“அம்மா இந்த வழியாத்தானுங்க மாமா ஜெபம் பண்ணிட்டே நடப்பாங்க.”

“ரோட்டுலயா? உங்க கோயில்ல எடம் பத்தலையா?”

“மனசுக்குள்ளதானுங்க. ஒரு சாமியார் கத்துக்குடுத்தாரு. பைபிள்ல வர்ற ஒரு எடத்துக்குள்ள நாமளே போயி நின்னுக்கணும். அங்க என்ன சத்தம், என்ன வாசம், யாரு பக்கத்துல நிக்கறாங்க, எல்லாத்தையும் மனசால பாக்கணும்.”

கந்தவேலுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டுக்குப் போகிறோமே என்று அடக்கவுமில்லை. கற்பூரம் வேண்டாம், தேங்காய் வேண்டாம், நாக்கைக்கூட அசைக்க வேண்டாம். படம் ஓட்டிக்கொண்டே நடந்தால் அதற்குப் பேர் ஜெபம். இதற்குத்தானா பெற்றவர்களை விட்டுப் போனாள்?

“அப்ப வெங்காயம் வாங்கிட்டே மோட்சத்துக்குப் போயிடலாம்னு சொல்லு.”

பிரபா கோபிக்கவில்லை. “பன்னெண்டு வருசமா ரத்தப்போக்கு நிக்காத ஒரு பொம்பள கதை இருக்குதுங்க. கூட்டத்துல பின்னாலயே போயி ஏசுவோட துணி ஓரத்தத் தொடுவா. அம்மா எப்பவும் அவளாத்தான் போவாங்க. கூட்டம் இந்தப் பஜாருதானுங்க. இதே மஞ்ச வாசம், இதே மூட்டைக்காரங்க.”

“ஏசு செவ்வாப்பேட்டைக்கு மளிகை வாங்க வந்தாராக்கும்.”

“துணி எப்படியிருக்கும்னு கேட்டேன். நம்ம ஊட்டுத் தறியில நெய்ஞ்ச வெள்ளத் துண்டு, அரக்குக் கரைன்னாங்க.”

என்ன திமிர், என்று நினைத்தார். வேண்டாம் என்று உதறிவிட்டுப் போன தறியின் துண்டை ஏசுவுக்குப் போர்த்த இவளுக்கு என்ன உரிமை? அதே அரக்குக் கரைத் துண்டுதான் இப்போது அவர் தோளில் கிடந்தது.

“தொட்டதும் அவரு நின்னு திரும்பி, யாருன்னு கேப்பாராம். அதோட அம்மா ஜெபம் முடிஞ்சுரும். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” கொஞ்ச தூரம் நடந்தபின் பிரபா சொன்னாள். “போன தையில ஒரு நா வந்து, இன்னைக்கு நெசமாலுமே தொட்டேன் புள்ள, திரும்பலைன்னாங்க. யாரத் தொட்டீங்கன்னு கேட்டதுக்குச் சொல்லல. மறுநாளும் ஜெபத்துல அதே எடத்துக்குத்தான் போனாங்க.”

கந்தவேலுக்கு அந்த நாள் நினைவிருந்தது. போன தை மாதம், இந்தத் தெருவிலேயே மஞ்சள் மண்டி வாசலில், நெரிசலுக்குள் யாரோ பின்னாலிருந்து அவர் துண்டின் நுனியை இரண்டு முறை இழுத்தார்கள். சின்ன வயதில் தேர்க்கூட்டத்தில் தொலைந்துபோகாமலிருக்க அங்காளம்மாள் அப்படித்தான் இழுத்துக்கொண்டே வருவாள். யாரென்று தெரிந்தது. தெரிந்துதான் திரும்பாமல் போனார். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

மண்டி வந்தது.

“படம் ஓட்டுறதுக்கும் ஒரு அளவு வேணும்” என்று முனகிக்கொண்டே அதைத் தாண்டினார். நாலு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

“என்னங்க மாமா?”

“ஒண்ணுமில்ல. யாரோ துண்டப் புடிச்சாப்புல இருந்துச்சு.”

பின்னால் மூட்டை சுமந்துகொண்டு ஒருவர் வந்தார். ஓரமா நில்லுங்கய்யா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவரே சுற்றிக்கொண்டு போனார். கந்தவேல் சேலைப் பையை மார்போடு பிடித்தபடி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.