அக்காவின் ஞாயிற்றுக்கிழமைச் சுற்று

…திரும்பவில்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பவில்லை, மூடுவதற்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்ற சந்தேகம் வேறு, அதெல்லாம் அக்காவின் கைக்குத் தெரியும், எனக்குச் சொல்லித் தராமலே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சிங்குக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு ஒரு பித்தளை வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேலே குழாய் சொட்டியது. சொட்டுவது பெரிய வியாதி இல்லை, உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றினால் போயிற்று, ஆனால் இந்த வால்வை மூடாமல் குழாயைக் கழற்றினால் சமையலறை குளமாகிவிடும். மொட்டைமாடித் தொட்டியிலேயே அடைத்துவிடலாம்தான், அதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும், என் முழங்கால்கள் அதைப் பார்த்தாலே கும்பிடு போடும். பிளம்பரைக் கூப்பிட்டால்? கூடாது, இன்றைக்குக் கூடவே கூடாது. காலையில்தான் அண்ணன் மகன் போனில் கேட்டான். "அத்தை, பெரியத்தை இருந்தவரைக்கும் சரி, அவங்க வீட்டையே தலையில தூக்கி வச்சிருந்தாங்க. உங்களுக்கு ஒரு குழாய ரிப்பேர் பண்ணத் தெரியுமா, சொல்லுங்க? பேசாம எங்களோட வந்துடுங்க." ஏன் தெரியாது, நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும் என்று அக்கா சொல்வாள். "அப்ப சாயங்காலத்துக்குள்ள பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்," என்று சிரித்தான். நல்ல பிள்ளை, அன்பில்தான் சொன்னான், அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அக்கா இருந்தவரை இந்த வால்வு இறுகியதே இல்லையே… இறுக விட்டால்தானே? மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கையில் பழைய துணி, தையல் மெஷின் எண்ணெய், இடுப்பில் சொருகிய சேலை, கிளம்பிவிடுவாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு வால்வையும் ஒருமுறை மூடித் திறப்பாள், ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துத் தள்ளுவாள், யாருமே திறக்காத ஜன்னலைத் திறந்து மூடுவாள், கடைசியாக மாடிக் கதவின் பூட்டு. அண்ணன் அவளுக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்திருந்தான், வேலை பார்த்ததென்னவோ தட்டச்சு. நான் நூலகத்தில் இருந்தேன், ஓய்வு பெற்ற பிறகும் நூலகத்தில் இருப்பது மாதிரியே வீட்டில் இருந்தேன், அதாவது நாற்காலியில். "நல்லாத்தானேக்கா இருக்கு, அத ஏன் போய் நோண்டுற?" என்றால், "நல்லா இருக்கும்போதுதான்டி திருப்பணும். அப்படியே விட்டா இறுகிப் போயிடும், அப்புறம் வேணுங்கும்போது கடவுளே வந்தாலும் திரும்பாது." "உனக்கு வேற வேலை இல்ல." "நீ பக்கத்தத் திருப்புடி பண்டிதை, நான் வால்வத் திருப்புறேன்." அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின, நான் எதையும் தொடவில்லை. வீடு சத்தமில்லாமல் இறுகிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரிய ஸ்பேனரை மாட்டி ஒரே நெட்டாக நெட்டிவிடலாமா? உடைந்தால்? உடைந்தால் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் பிளம்பர், பிளம்பருக்குப் பின்னால் அண்ணன் மகன், ஒரு பெட்டி, அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறை, நல்ல அறைதான், ஜன்னல்கூட உண்டு… எண்ணெய் விட்டேன், காத்திருந்தேன், சமையலறைத் தரையில் காலை நீட்டி. ஆஸ்பத்திரியில்கூட அவள் சும்மா இருக்கவில்லை, கட்டிலை உயர்த்தும் கைப்பிடி கிறீச்சிட்டதும் நர்ஸிடம், "இதுக்குக் கொஞ்சம் எண்ணெய் காட்டுங்கம்மா, எனக்குப் பரவாயில்ல, அடுத்து வர்றவங்களுக்குத் தூக்கம் வரணும்ல," என்றாள். அடுத்து வர்றவங்களாம்… அப்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரி, இப்போது அழுதால் வால்வு திரும்பாது. மறுபடி தலையை நுழைத்தேன். முரட்டுத்தனம் பண்ணாதடி, கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம், கோவிச்சுக்கிட்ட புள்ளையச் சாப்பிடக் கூப்பிடற மாதிரி… எப்போது சொன்னாள், எந்தத் தாழ்ப்பாளிடம், ஞாபகமில்லை, ஆனால் குரல் அவளுடையது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம், இந்தப் பக்கம்… ஒரு மயிரிழை. அசைந்ததா, என் கை வழுக்கியதா? அசைந்தது! வலப்பக்கம்தான் மூடுவது, எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா, வலப்பக்கம்.

வாஷர் வேலை அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. குழாயின் தலையைக் கழற்றி, நைந்துபோன ரப்பரைத் தூக்கிப் போட்டு, அக்கா வாங்கி வைத்திருந்த புதியதை வைத்து முடுக்கினேன். வால்வைத் திறந்தேன். சொட்டவில்லை. எனக்கு உட்காரத் தோன்றவில்லை, கையில் எண்ணெய் இருந்தது, குளியலறை வால்வைப் போய்த் திருப்பினேன், பிறகு பின்கதவுத் தாழ்ப்பாள், பிறகு அவளுடைய அறை ஜன்னல். உள்ளங்கையால் தட்டித் தட்டி, அது திறந்தபோது எதிர்வீட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன, நான் என்ன எதிர்பார்த்தேனோ. மாடிக் கதவுப் பூட்டோடு சுற்று முடிந்தது. இல்லை, முடியவில்லை, பூட்டுக்குப் பிறகு அவள் நேரே முன்னறைக்கு வருவாள், எண்ணெய்த் துணியோடு என் நாற்காலி முன் நிற்பாள். "எந்திரிடி. ஒரு பல்பு வாங்கிட்டு வா. கடைக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசு, ஊமை மாதிரி காச நீட்டிட்டு வராத." முணுமுணுத்துக்கொண்டே போவேன், திரும்பும்போது பல்போடு தெருவின் வம்பும் கொஞ்சம் கொண்டுவருவேன், சிரித்துக்கொண்டே சொல்வேன். ஸ்பேனரை வைக்க அவள் அலமாரியைத் திறந்தேன். எடுக்கும்போது கீழ்த்தட்டோடு நின்றுவிட்டேன், மேல்தட்டு முழுக்கப் பல்புகள், அட்டைகூடப் பிரிக்காமல், இந்தத் தெருவுக்கே போதும். மறதியா? அக்காவுக்கா? எந்த டப்பாவில் எந்த ஆணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவளுக்கா? அப்படியென்றால் மாடிக் கதவுக்கு அடுத்து… நானா? நானும் இறுகிவிடக் கூடாதென்றா?

போன் அடித்தது. "என்ன அத்தை, குழாய் என்ன சொல்லுது?"

"நின்னுடுச்சுடா."

"நெஜமாவா! நீங்களேவா! பெரியத்தை கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பாங்க. சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க, இனிமே அந்தப் பேச்ச எடுக்கவே மாட்டேன்."

ஜெயித்துவிட்டேன்தான். வீட்டை நான் பார்த்துக்கொள்வேன், தாழ்ப்பாளை, வால்வை, எல்லாவற்றையும்… "அத்தை, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அப்படிச் சொல்லாதடா. மாசத்துக்கு ஒருதரம் எடு."

"எதை?"

"அதே பேச்சத்தான்."

"எடுத்தா வந்துடுவீங்களா?"

"தெரியல," என்றேன். "நீ கேளு."