லிண்ட்சே மடுவில் இருந்தது

லிண்ட்சே பாஸ்கோவோடு தண்ணீர் எடுக்கப் போனால் வாயை மூடிக்கொண்டுதான் போகவேண்டும். அவன் மனைவி ஷெரில் மெல்பர்னுக்குக் கிளம்பிப் போன பிறகு அவன் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட வராது. எங்கள் இரண்டு வீடும் பாய்லர் ஓடையின் ஒரே கரையில் இருக்கின்றன என்பதால் ஓடை ஆய்வுத் திட்டக்காரர்கள் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார்கள். என் தலையெழுத்து.

வேலை லேசானதுதான். தண்ணீரில் வாழும் எந்தப் பிராணியும் தோல், ரோமம், கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஓடைத் தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு சின்ன வடிகட்டி வழியாக அழுத்தித் தள்ளவேண்டும். வடிகட்டியில் தங்கியதில் டி.என்.ஏ. பார்த்து, அந்த இடத்தில் வாத்து அலகுள்ள பிளாட்டிபஸ் பிராணி உண்டா இல்லையா என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டி பாதியிலேயே அடைத்துக்கொள்ளும், கட்டைவிரல் வீங்கிவிடும். ஓடையில் காலை வைக்கவே கூடாது. வேறோர் ஓடையின் சேறு பூட்ஸில் ஒட்டி வந்தால் எல்லாம் பாழ்.

லிண்ட்சே இதில் சேர்ந்ததே ரோஷத்தில். தன் வீட்டுக்குக் கீழே உள்ள மடுவுக்கு தினமும் சாயங்காலம் ஒரு பிளாட்டிபஸ் வருகிறது என்று அவன் சொன்னபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பெரிய வறட்சிக்குப் பிறகு எங்கள் ஓடையில் அதை யாரும் பார்த்ததில்லை.

“நீ பாத்தது தண்ணி எலிடா. தனியா உக்காந்து பீர் குடிச்சா எலிக்கும் அலகு முளைக்கும்” என்றான் பால்பண்ணைக் கிளைவ். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வசந்தத்தில் ஓடை நெடுக ஆறு இடங்களில் எடுத்தோம். ஐந்தில் ஒன்றுமில்லை. லிண்ட்சே மடுவில் இருந்தது. கிளைவ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான்.

கோடை முடிகிற நேரத்தில் டீகன் வந்தாள். இந்தத் திட்டத்தை நடத்துகிற பெண் அவள். ஓடை அறுந்து, அங்கங்கே மடுக்களாக மட்டும் கிடந்தது. லிண்ட்சே வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். மேலேயும் கீழேயும் வேறு பிளாட்டிபஸ் இல்லை. தடுப்பணையைத் தாண்டி இது எங்கேயும் போகவும் முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆற்றில் நிறைய இருக்கின்றன. பிடித்துக்கொண்டுபோய் அங்கே விடலாம். ஆனால் அது எந்த இடத்தில் மேலே வரும் என்று லிண்ட்சே காட்டவேண்டும். அவனுக்கு இஷ்டமில்லை என்றால் விட்டுவிடலாம்.

அந்தப் பிராணி அவனுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். தினமும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மடுவுக்கு இறங்குவான். ஷெரில் போனில் சொன்னது, வைக்கோல் விலை, முழங்கால் வலி என்று ஒன்று விடாமல் அதனிடம் சொல்வான். தண்ணீர் மேல் அவன் குரல் என் வீடு வரைக்கும் கேட்கும். எனக்கு ஒரு குட் மார்னிங் சொல்லாத மனுஷன். பொறாமையாகத்தான் இருந்தது.

லிண்ட்சே சொன்னான்:

“ஒத்தையா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும்மா. கூட்டிட்டுப் போங்க. அது அதோட ஜனத்தோட இருக்கட்டும்.”

அவன் காட்டிய மூலையில் வலை கட்டினார்கள். இருட்டுவதற்குள் விழுந்துவிட்டது. பின்னங்காலில் முள் இருந்தது; ஆணுக்குத்தான் அது உண்டு. டீகன் அதைத் துணிப்பையில் போட்டுக் கட்டினாள். லிண்ட்சே பையின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான். நாளைக்கும் வலையை விட்டுவைக்கட்டுமா என்று அவள் கேட்டாள்.

“எதுக்கு? இத்தனை வருஷமாப் பாக்கறேன். இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா?”

தெரியாமல் இருக்குமா என்று நாங்களும் நினைத்தோம். வலையைச் சுருட்டினார்கள்.

அதற்கப்புறம் அவன் மடுப் பக்கமே போகவில்லை. குளிர்காலம் முழுக்க அவன் குரல் கேட்கவில்லை. சூப் கொண்டுபோனால் வராந்தாவில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுவான். அவன் குரல் கேட்காமல் சாயங்காலங்கள் எனக்கும் நீளமாகிப் போயின.

மறு வசந்தத்தில் வழக்கம்போல் ஆறு இடங்களிலும் எடுத்தோம். மடுவில் எடுக்க அவன் மாட்டேன் என்றான். காலி என்று எழுதவாவது எடுக்கவேண்டாமா என்று சண்டை போட்டு இழுத்துப்போனேன்.

முடிவு வந்த அன்று டீகனே போன் செய்தாள். என்னிடம் சொல்லிவிட்டு, “போனை அவர்கிட்ட குடுங்க மோய்ரா” என்றாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

“லிண்ட்சே, உங்க மடுவில இன்னும் இருக்கு.”

“பழசோட மிச்சமா இருக்கும்.”

“இல்ல. அதெல்லாம் சில வாரத்துல அழிஞ்சிடும். ரெண்டு தடவை சோதிச்சிட்டோம். அங்க இன்னொண்ணு இருந்திருக்கு. தண்ணி, இருக்கா இல்லையான்னுதான் சொல்லும். எத்தனைன்னு சொல்லாது. நான் வலையை விட்டு வச்சிருக்கணும்.”

பிடித்துக்கொண்டு போனதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டான். அத்தனை பெரிய ஆற்றில் அதை எங்கே போய்த் தேடுவது என்றாள். அப்படியானால் இதையும் பிடித்து அங்கேயே விடலாமே என்றான்.

“முயற்சி பண்றேன். அது எங்க மேல வரும்?”

“தெரியலயே” என்றான். அவனுக்குத் தெரிந்த ஒரே மூலை பிடித்துப் போனதுடையது. அது முங்கி, தள்ளி ஒன்று எழும்பும்போதெல்லாம் அதேதான் என்று நினைத்திருக்கிறான்.

வெயில் சாய்ந்ததும் மடுவுக்கு இறங்கினான். நானும் பின்னாலேயே போனேன். எதிர்க்கரையில், வேர்களுக்கு அடியில், தண்ணீர் ஒரு தடவை விலகி மூடியது. அதுதானா என்று சொல்லத் தெரியவில்லை.

“ஒத்தையா இருந்தது நாந்தான், மோய்ரா” என்றான். “அதுங்க ரெண்டு பேர் இருந்திருக்குதுங்க.”