சுருளுக்கு வார்த்த தீர்த்தம்

சித்திரை மாதத்து வளர்பிறைச் சஷ்டி வந்தால் சத்தியபாமா அந்தத் தகரப் பெட்டியைத் திறப்பாள். சென்னையில் திறந்தாள், கணவனோடு கடல் தாண்டி அவன் ஊரான வண்ணார்பண்ணைக்குக் குடிபெயர்ந்தபின் நாற்பதாண்டு அங்கே திறந்தாள், மகன் கேதீஸ்வரனோடு சிட்னிக்கு வந்தபின், நார்த்மீட் வீட்டுக் கராஜில், வெளியே மரங்கள் இலையுதிர்க்கும் குளிரில் திறந்தாள். உள்ளே ஒரு படச்சுருள். அதன்மேல் பூவால் தீர்த்தம் தெளித்து, திருநீறு சாத்தி, கர்ப்பூரம் காட்டி, ஒரு பதிகம் முழுவதும் பாடியபின் மூடுவாள்.

ஊமைப்படக் காலத்தில் அவள் ஏழு படங்களின் நாயகி. கூரையில்லாக் கொட்டகையில் வெள்ளைத் துணி விரித்து, வெயிலை வடித்தெடுத்துப் படம் பிடித்த காலம் அது. எது பேசினாலும் திரையில் கேளாது என்பதால் அரசனாக நிற்பவர் சூளுரைக்கும் இடத்தில் மத்தியானச் சாப்பாட்டை விசாரிப்பார். படம் ஓடும்போது ஒருவர் உதட்டசைவை மற்றவர் படித்துத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது நடிகர்களின் வழக்கம். சத்தியபாமா மட்டும் அழவேண்டிய காட்சியில் உரத்துப் பதிகம் பாடுவாள். பாடினால்தான் அவளுக்குக் கண்ணீர் சுரக்கும்.

ஏழாம் படத்தில் அவள் நாடிழந்த அரசி. காட்டில் அவளோடு அலையும் குழந்தையாக நடித்தது அவள் பெற்ற மகள், நான்கு வயதுச் சிவமணி. அன்று காலை குழந்தைக்கு உடம்பு சற்றுச் சுட்டது. வெயில் சாய்ந்துவிடும் என்று இயக்குநர் பறந்தார். இந்த ஒரு காட்சிதானே என்று தாயும் இசைந்தாள். மூன்றாம் நாள், சித்திரை வளர்பிறைச் சஷ்டியன்று, குழந்தை இல்லை. சின்னப் பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய வீடு அது. அதை அவள் மீறியது அந்தப் படத்துக்காக ஒருமுறைதான்; வேறொரு நிழற்படமும் கிடையாது. அந்தக் காட்சியின் சுருளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு சத்தியபாமா வெளியேறினாள். அதை ஒருமுறையும் ஓட்டிப் பார்க்க அவள் துணியவில்லை. பேசும்படம் வந்தபோது அழைக்க வந்தவர்களுக்கு அவள் கதவு திறக்கவில்லை.

இப்போது எழுபது வயது. சென்ற ஆண்டிலிருந்து குழந்தையின் முகம் அவளுக்கு நினைவில் கூடவில்லை. நெற்றியை நினைத்தால் வாய் மறைந்தது. வாயை நினைத்தால் கண் மறைந்தது. கண்ணை மூடுமுன் அம்முகத்தை ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்பதொன்றே அவள் வேண்டுதலாயிற்று.

அதற்கு வழி திறந்தது மருமகள் யோகாவின் அச்சத்தால். பழைய படச்சுருள்கள் வெடிமருந்துபோலத் தீப்பற்றும் என்று அவள் ஒரு பத்திரிகையில் படித்துவிட்டாள்.

“மாமி, நீங்கள் அதுக்குக் கர்ப்பூரமும் கொளுத்துறியள். ஒருநாளைக்கு கராஜோட பக்கத்து வீட்டுக்காரன்ர பூனையும் கைலாயம் போகப்போகுது.”

கேதீஸ்வரன் விசாரித்து, அருகேயுள்ள பரமட்டாவில் பழம்படங்களைச் செப்பனிடும் ஹாலம் என்ற முதியவரிடம் தாயைப் பெட்டியோடு அழைத்துச் சென்றான். ஹாலம் மூடியைத் திறந்தார், முகர்ந்தார். சுருளின் வெளிச்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உருகிய கருப்பட்டிபோல் கிடந்தன. பிறகு மகனிடம் ஏதோ கேட்டார். அவன் தயங்கினான்.

“என்னவாம்?”

“தண்ணி பட்டதோ எண்டு கேக்கிறார், அம்மா. கப்பல்ல பட்டிருக்கும் எண்டு சொல்லுறன்.”

“பொய் சொல்லாதை, தம்பி. நான்தான் விட்டனான். வருசா வருசம் நான்தான் விட்டனான்.”

அவள் சேலைத் தலைப்பால் பெட்டியின் உட்புறத்தைத் துடைத்தாள். காக்கும் என்று நம்பி வார்த்த ஒவ்வொரு துளியும் அந்த முகத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது என்பதை அவளுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ஹாலம் அழைத்தார். சுருளின் நடுவே நீர் எட்டாத இருபது அடி தப்பியிருந்தது. திரையில் இருபது விநாடிகூட இராது. அதைப் புதுப் படச்சுருளில் பதித்து, கையால் சுழற்றும் ஒரு பார்வைப் பெட்டியில் பூட்டி, அவளைக் கதிரையில் இருத்தினார். கைப்பிடி சுழன்றது.

சிறு கண்ணாடியில் ஒரு காடு. தலைவிரிகோலமாய் ஓர் இளம் அரசி வானத்தை நோக்கி வாய் திறந்து பாடுகிறாள். கன்னங்களில் நீர் வழிகிறது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. அது முகத்தை நிமிர்த்தியது. நெற்றியும் கண்ணும் வாயும் ஒருங்கே இருந்தன. அந்த வாய் அசைந்தது. பாடுகிறவள் திரும்பவில்லை. குழந்தை முந்தானையை இழுத்து மீண்டும் அதையே சொன்னது. ஒளி அணைந்தது.

“இன்னொருக்கா,” என்றாள் சத்தியபாமா.

ஐந்து முறை சுழற்றினார் ஹாலம். ஐந்தாம் முறை அவளுடைய உதடுகளும் குழந்தையின் உதடுகளோடு சேர்ந்து அசைந்தன.

“அம்மா, பிள்ளை என்ன சொல்லுது?” என்று கேட்டான் கேதீஸ்வரன்.

“தண்ணி கேக்குது.” கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: “நான் பாடிக்கொண்டு நிண்டனான். எனக்குக் கேக்கேல்லை.”

அடுத்த சித்திரைச் சஷ்டியன்று கராஜில், புதுச் சுருள் வைத்த பெட்டி திறக்கப்படவில்லை, கர்ப்பூரமும் இல்லை. மூடிய பெட்டியின் முன் சத்தியபாமா ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். அருகே அமர்ந்தாள். அன்று அவள் பதிகம் பாடவில்லை.