பத்தாயிரம் மெஹ்ஜபின்

திருப்பூர் வேலம்பாளையத்தில் சாரதாமணி அம்மாவின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மெஹ்ஜபின், எதையாவது தேடும்போது எல்லா இடத்திலும் இருப்பாள். ஒரு பொருள் தொலைந்தால் நாமெல்லாம் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலைவரை துழாவுவோம். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நூறு பெட்டி இருந்தால் நூறு பெட்டியிலும் ஒரே நேரத்தில், ஆவிபோல மெலிந்து உட்கார்ந்துகொள்வாள். இதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், டீ கொண்டுவருகிறவருக்குத்தான் எத்தனை டம்ளர் வைப்பது என்று குழப்பம் வந்தது. எல்லா மெஹ்ஜபினும் சேர்ந்து ஒரு டீதான் குடிப்பார்கள் என்று தெரிந்ததும் அதுவும் தீர்ந்துபோனது.

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தேடும்போது யாரும் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் அத்தனை பேரும் கலைந்து, ஏதோ ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தியாகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அந்தப் பெட்டியில்தான் தேடிய பொருள் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஆகவே அவள் தேடப் போகிறாள் என்று குரல் வந்தால் கம்பெனியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். சாரதாமணியின் மகன் தரணீதரன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவன். இதையேதான் வெளிநாட்டில் குவாண்டம் கணினி என்ற பெயரில், எந்தப் பனிமலையிலும் இல்லாத குளிரை உண்டாக்கி அதற்குள் வைத்துச் செய்துபார்க்கிறார்கள் என்று அவன் சொன்னான். இங்கே சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், ஒரு டேபிள் ஃபேன்கூட இல்லாமல் அது நடந்துகொண்டிருந்தது. ஒழுங்கில்லாமல் கிடக்கும் பத்தாயிரத்தில் ஒன்றைத் தேட, சாதாரணக் கம்ப்யூட்டர் சராசரியாக ஐயாயிரம் தடவை பார்த்தாக வேண்டும். மெஹ்ஜபினுக்கு எழுபத்தெட்டுச் சுற்றுப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். மற்றபடி அவளை ரொம்பத் தூக்கிவைத்துப் பேசவும் வேண்டாம். தைப்பதில் அவள் யாருக்கும் மேலே இல்லை. சைஸ்வாரியாக அடுக்கிய ரேக்கில் ஒரு துணியை எடுக்கச் சொன்னால், அவள் பரவி முடிப்பதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சுற்று என்பது இப்படி. முதலில் எல்லா மெஹ்ஜபினும் ஒரே அளவு மங்கலாக இருப்பார்கள். தேடுகிற பொருள் யார் கையில் இருக்கிறதோ அந்த ஒருத்தி மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். உடனே எல்லோருமாக ஒரு அசை அசைவார்கள். அந்த அசைவில் மற்றவர்கள் தங்கள் உடம்பில் துளித்துளி அவளுக்குக் கொடுத்துவிட, அவள் கொஞ்சம் கெட்டியாவாள், மற்றவர்கள் கொஞ்சம் கரைவார்கள். சுவரைப் பார்த்து நிற்பவர்களுக்குத் துணி மடித்துப் போட்ட பாலிதீன் பைகளின் சலசலப்பு மட்டும் கேட்கும். முதல் சுற்றில் சந்தைக் கூட்டம்போலக் கேட்பது, கடைசியில் ஒற்றைப் பையின் சத்தமாக வந்து நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து என்பது மட்டும் தகரக் கூரையின் எதிரொலியில் யாருக்கும் பிடிபட்டதில்லை. காதால் கேட்டால் ஏன் கலைவதில்லை என்று கேட்டதற்குத் தரணீதரன் தெரியாது என்று சொல்லிவிட்டான்.

சென்ற வருடம் சித்திரையில் அந்தக் கம்பெனி மூடப்பட இருந்தது. கையில் இருந்தது ஒரே ஆர்டர், கைக்குழந்தைகளுக்கான பத்தாயிரம் உடுப்பு. அது மாலை ஆறு மணிக்குக் கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. அறுபது குடும்பம் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். அன்று காலையில் டெய்லர் இந்துமதி அழுதுகொண்டே ஆபீஸுக்குள் வந்தாள். திருப்பூரில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி முழு ஊசியாகப் பொருத்திக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். முந்தின நாள் உடைந்த ஊசியின் நுனி அவளுக்கு அகப்படவில்லை. பயத்தில் பக்கத்து மெஷின்காரியிடம் ஊசி வாங்கித் தைத்து முடித்திருந்தாள்; அந்த உடுப்புகளும் பத்தாயிரத்தோடு கலந்து பெட்டிக்குப் போய்விட்டன. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்து, தானும் பிள்ளை பெற்றவள் என்பதால் மனசு கேட்காமல் வந்து சொல்லிவிட்டாள்.

ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் இல்லாமல் இல்லை. அதில் விட்டார்கள், முதல் உடுப்புக்கே கத்தியது, இரண்டாவதுக்கும் கத்தியது, பத்தாவதுக்கும் கத்தியது. மெஷினுக்குப் படாத பித்தளையில் வைக்க வேண்டிய பிரஸ் பட்டனை, அவசரத்தில் இரும்பு கலந்ததாக வாங்கித் தைத்திருந்தார்கள். கையால் தடவிப் பார்த்தால் ஒரு வாரம் ஆகும். ஊசி உடைந்ததே நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு அனுப்பிவிடலாம், பத்தாயிரத்தில் ஒன்றுதானே என்று யாரோ மெல்ல இழுத்தார்கள். சாரதாமணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பச்சக் கொழந்த போடறதுங்க அது," என்றார். "கம்பெனி போனாப் போகுது. மெஹ்ஜபினக் கூப்புடுங்க."

மெஹ்ஜபின் அதுவரை பத்தாயிரமாகப் பரவியதில்லை. கொஞ்சம் தயங்கினாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், பத்தாயிரமாகிப் போய்விட்டாள். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். கட்டிங் மாஸ்டர் சுப்பையனும் சுவரைத்தான் பார்த்தார்; ஆனால் மைத்துனருக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம் என்று செல்போனைத் தோளுக்கு மேலே பிடித்துத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாவது சுற்றில் சலசலப்பு பட்டென்று நின்றது. மெஹ்ஜபின் ஒரு பெட்டியின் மேல் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள், கையில் குற்றமில்லாத ஒரு உடுப்பு. "தெரியாம எடுத்துப்போட்டனுங்க," என்றார் சுப்பையன். அவருடைய செல்போன் வாங்கி அரிசி டப்பாவுக்குள் வைக்கப்பட்டது.

இரண்டாவது முறை எல்லாம் சரியாகப் போனது. தரணீதரன் சுவரைப் பார்த்தபடி சத்தமாக எண்ணினான். எழுபத்தெட்டில் ஒரே ஒரு பை மட்டும் சலசலத்தது, எல்லோருக்கும் கேட்டது. திரும்பலாம் என்று அவன் வாயெடுக்கும்போது சாரதாமணி ரீசெக் என்றார். அவருடைய கம்பெனியில் எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். துணியை இரண்டு தடவை செக் பண்ணுவார்கள், பெட்டியை இரண்டு தடவை எண்ணுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர் அவர். குழம்பில் உப்புகூட அவர் கையால் இரண்டு தடவை விழும், சாப்பிடுகிறவர்கள் பாடு. இது அப்படிப்பட்டதல்ல என்று மகன் கெஞ்சினான்.

"இருபத்தஞ்சு வருசமா ரீசெக் பண்ணாம ஒரு பீஸ் கேட்டத் தாண்டுனதில்ல சாமி. நீ எண்ணு."

கம்பெனியில் அவர் சொல்தான் சொல். தரணீதரன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். அந்த ஒற்றைப் பையின் சத்தம் இரண்டு பையாகி, நூறாகி, எழுபத்தெட்டாவதில் பழையபடி சந்தைக் கூட்டமாகிவிட்டது. தேவைக்கு மேல் தேடினால் தேடியது மறுபடி தொலைந்துபோகும் என்பது அந்த முறையின் குணம், அதற்கு ரீசெக் என்றால் என்னவென்றே தெரியாது. திரும்பிப் பார்த்தபோது மெஹ்ஜபின் சம்பந்தமில்லாத ஒரு பெட்டியருகே களைத்து நின்றாள்.

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. போகிற வழியில் அவிநாசிபாளையத்தில் இப்போதே லாரிகள் வரிசை கட்டியிருக்கும், இன்னும் எம்புட்டு நேரம் என்று கன்டெய்னர் டிரைவர் வீரணன் வாசலில் நின்று கேட்டார். சாரதாமணி மெஹ்ஜபினுக்குத் தன் கையால் டீ ஆற்றிக் கொடுத்தார். இன்னொரு தடவை முடியுமா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, "போறேனுங்கக்கா," என்று சொல்லி மெஹ்ஜபின் பரவிவிட்டாள்.

இந்த முறை எண்ணுகிற வேலையைச் சாரதாமணியே எடுத்துக்கொண்டார். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு எண்ணினார். எழுபத்தெட்டில் ஒற்றைப் பை சலசலத்தது. அறுபது பேரும் அந்த அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று காத்து நின்றார்கள். ரீசெக் என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்ததைப் பக்கத்தில் நின்ற இந்துமதி பார்த்தாள். சாரதாமணி அதை விழுங்கினார்.

"போதும் கண்ணு," என்றார்.

எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். கேட்டை ஒட்டிய அடுக்கின் உச்சியில் மெஹ்ஜபின் முழுசாக உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு இருந்த அளவு முழுசாக அவளை யாரும் பார்த்ததில்லை. கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு உடுப்பு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு. கழுத்துத் தையலுக்குள்ளிருந்து ஊசி நுனியை எடுத்து, இந்துமதி வைத்திருந்த துண்டோடு பொருத்தினார்கள், பொருந்தியது. இந்துமதி அழுதாள், சுப்பையன் விசிலடித்தார். ஒன்று குறைய பத்தாயிரம் உடுப்பை ஏற்றிக்கொண்டு கன்டெய்னர் கிளம்பியது. சாரதாமணி கேட் வரை போய், வண்டியின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இரண்டாவது தடவைக்குக் கை நீண்டது. அப்படியே மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

இப்போது அங்கே முந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். மெஹ்ஜபின் தேடக் கிளம்புகிறாள் என்றால், நேற்று ஒடிசாவிலிருந்து வந்து இறங்கியவர்கள்கூட ஏன் என்று கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.