சாஞ்ச நிலை

எம்புருஷன் சிதம்பரம் ஆசாரி வச்ச வாசல் நிலை எதுவும் நூல் பிசகினதில்ல. ஒண்ணே ஒண்ணைத் தவிர.

அறுபத்தெட்டுல, கீழச்சிவல்பட்டி பெத்தாச்சி செட்டியார் வீட்டுல ரெண்டு வெள்ளி விளக்கு காணாமப் போச்சு. அதுக்கு முந்தின வாரம் விளக்கு இருந்த அறைக் கதவைச் சரிபண்ணினது இவரு. அது போதாதா! வெள்ளிக்கிழமை சாயங்காலம் போலீஸ்காரவுக வந்து, சாப்பிட்ட கை காயுமுன்ன கூட்டிட்டுப் போயிட்டாக.

மறுநாக் காலையில தேனம்மை ஆச்சி கட்டுற புது வீட்டுக்கு நிலை வைக்க முகூர்த்தம். மரத்தை இழைச்ச ஆசாரிதான் நிலையை நிறுத்திப் பூசை போடணும், வேற ஆளு தொடக் கூடாது. ஆச்சி ஸ்டேஷனுக்கே ஆள் விட்டாக. சப்-இன்ஸ்பெக்டரும் நம்ம சீமைக்காரருதானே, முகூர்த்தம் தப்பினா பாவம் தன் தலையில விடியும்னு பயந்து, கான்ஸ்டபிள் வீரணன் கூட ஒரு மணி நேரத்துக்கு இவரை அனுப்பி வச்சாரு. ஆளை அடிக்கிறதுக்குப் பயமில்லை, முகூர்த்தத்துக்குப் பயம்!

நான் ஓடிப்போய்ப் பாத்தேன். வெரலெல்லாம் வீங்கிக் கெடக்கு. நிலை நேரா நிக்குதான்னு பாக்குற தூக்குக்குண்டு நூலைப் பிடிக்கக்கூட முடியல. நேரம் முடியப் போகுதுன்னு எல்லாரும் அவசரப்படுத்த, நாப்பது பேருக்கு முன்னால நிறுத்திப் பூசை போட்டுட்டாரு. நிலை ஒரு வெரக்கடை சாஞ்சிருச்சு. பூசை போட்ட நிலையை அப்புறம் அசைக்கக் கூடாது. ஆச்சி இவருக்கு வேட்டி துண்டு குடுத்தாக. கூட வந்தவரை விடலாமான்னு வீரணனுக்கும் ஒரு துண்டு. அவரு அதைத் தோள்ல போட்டுக்கிட்டு இவரைத் திரும்ப ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனாரு.

ஞாயித்துக்கிழமை வக்கீல் மீனாட்சிசுந்தரத்துக்கிட்ட போயி அழுதேன்.

"அழாதீக. பிடிச்சு இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டு முன்னால நிறுத்தணும், அதான் சட்டம். ஸ்டேஷன்ல அடிச்சு வாங்குன வாக்குமூலமும் செல்லாது. ஆனா கோர்ட்டுக்குக் கொண்டுவர்ற அன்னைக்குத்தான் பிடிச்சோம்னு எழுதிருவாக. சாட்சி வேணும்."

"நாப்பது பேரு இருக்காகளே!"ன்னேன்.

திங்கக்கிழமை கோர்ட்டுல அதே கதைதான். அன்னைக்குக் காலையில பிடிச்சதாம், குத்தத்தை ஒத்துக்கிட்டாராம், விசாரிக்க இன்னும் ஒரு வாரம் போலீஸ் காவல்ல விடணுமாம். ஒரு வாரமா? அந்தக் கை அப்புறம் உளி பிடிக்குமா?

"உன்னை எப்பப் பிடிச்சாங்க?"ன்னு மாஜிஸ்ட்ரேட்டு கேட்டாரு.

இவரு சப்-இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பாத்துட்டு, "இன்னைக்குக் காலையிலங்கய்யா"ன்னாரு.

அட பாவி மனுசா! "பொய்யிங்கய்யா, பயந்துக்கிட்டுச் சொல்றாரு!"ன்னு பின்னாலருந்து கத்திட்டேன். வக்கீல் என்னை அமத்திட்டு, சாட்சிக்கு நான் கூட்டிட்டு வந்திருந்த தேனம்மை ஆச்சியை எந்திரிச்சுச் சொல்லச் சொன்னாரு. ஆச்சி ஒண்ணு விடாமச் சொன்னாக. மாஜிஸ்ட்ரேட்டு வீரணன் பக்கம் திரும்பினாரு.

வீரணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "சனிக்கிழமை நாந்தான் கூடப் போனேங்கய்யா. ஒரு துண்டும் வாங்கிக்கிட்டேன்."

கோர்ட்டே சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

மாஜிஸ்ட்ரேட்டு இவரு கையை நீட்டச் சொல்லிப் பாத்தாரு. டாக்டருகிட்ட காட்ட உத்தரவு போட்டாரு. போலீஸ் காவல் கிடையாதுன்னு ஜாமீன்ல விட்டாரு. எட்டு மாசத்துல கேஸே தள்ளுபடி ஆயிருச்சு.

நிலை இன்னும் சாஞ்சுதான் நிக்குது. இவரு அந்தத் தெருப்பக்கமே போறதில்ல, வெக்கமாம். நான் போறப்பயெல்லாம் நின்னு அதைத் தொட்டுட்டுத்தான் வாரேன்.